கரைப் பக்கத்து ஆள்

1

நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து பத்து வருஷம் நிறைந்த ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு தண்ணீர்க் கூஜாவை எனக்கு முன்னால் இன்னொருத்தி எடுத்துவிட்டாள்.

காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு இது ஒரு விஷயமா என்று தோன்றும். விஷயம்தான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வந்தவள் பெயர் சிமோன். பிரெஞ்சுக்காரி, என் வீட்டுக்காரரோடு வேலை செய்கிறவள். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். தலைமுடியைப் பையன் மாதிரி வெட்டியிருப்பாள். எங்கள் மகள் வசந்தாவுக்கு அவளைக் கண்டால் உயிர். அன்றைக்கு நான் சாம்பாரும் உருளைக்கிழங்குப் பொடிமாஸும் செய்திருந்தேன். சிமோன் கையால் பிசைந்து சாப்பிடுகிறேன் என்று அடம்பிடித்துச் சாப்பிட்டாள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரருக்குக் காரம் ஏறியது போலிருக்கிறது. பேச்சை நிறுத்தாமல், மேஜை விளிம்பை விரல் முட்டியால் ஒரே ஒரு தடவை தட்டினார்.

என் கை கூஜாவை நோக்கிப் போனது. ஆனால் சிமோனின் கை அதற்குள் கூஜாவைத் தூக்கிவிட்டது. அவள் வசந்தாவின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தாள். கூஜாவைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. தட்டல் வந்தது, கை போனது.

யாரும் இதைக் கவனிக்கவில்லை. என் கை மட்டும் மேஜைமேல் பாதி வழியில் நின்றுகொண்டிருந்தது.

2

அந்தத் தட்டல் எங்கே பிறந்தது என்று சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

பெரிய காஞ்சிபுரத்தில் என் மாமனார் வீடு. உள்ளே நுழைந்தவுடன் தறி. அதைத் தாண்டினால் இன்னொரு தறி. ஒன்றில் மாமனார், மற்றதில் என் வீட்டுக்காரர். உடல் ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாகப் புடவை நெய்வதென்றால், இரண்டு நூலையும் நெய்யும்போதே ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துக்கொண்டு போக வேண்டும். அதுதான் கோர்வை. அதை ஒரு ஆள் செய்ய முடியாது. நெசவாளிக்குப் பக்கத்தில், கரைப் பக்கமாக ஒரு ஆள் உட்கார்ந்து, கரை நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடாவை வாங்கி வாங்கித் திருப்பி விட வேண்டும். கல்யாணமான மறு மாதமே நான் அந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

மாமனார் பக்கத்துத் தறியில் இருக்கும்போது புது மருமகளிடம் புருஷன் பேச முடியுமா? அதனால் அவர் தறிச் சட்டத்தைத் தட்டுவார். ஒரு தட்டல் என்றால் நாடாவை இந்தப் பக்கம் விடு; சாப்பிடும்போது என்றால் தண்ணீரை. இரண்டு தட்டல் என்றால் இழை அறுந்துவிட்டது, நிறுத்து. காதில் விழ வேண்டிய அவசியமே இல்லை. சட்டத்தில் கை வைத்திருந்தால் உள்ளங்கைக்கே வந்து சேரும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அது நான் அவருக்குச் சொல்வது. வசந்தா வயிற்றில் இருந்தபோது ஒருநாள் இடுப்பு விட்டுப் போனது. எழுந்திருக்கிறேன் என்று மாமனார் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. நான் பொதுவாகவே வாய் திறக்காதவள். சட்டத்தின்மேல் நகத்தால் மெதுவாக மூன்று தடவை தட்டினேன். என்ன நினைத்துத் தட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாடாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"இன்னாடா, பாதியில எழுந்துக்கினே?" என்றார் மாமனார்.

"கால் மரத்துப் போச்சுப்பா."

"தெனமும் உனக்கு மட்டும் மரத்துப் போவுது. என் கால் இன்னா இரும்புலயா செஞ்சிருக்குது?"

அவர் எழுந்தால் நானும் எழலாம். அதற்குப் பிறகு அது எங்கள் வழக்கமாகிவிட்டது. நான் மூன்று தட்டினால் அவருக்குக் கால் மரத்துப் போகும். அந்த வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கென்று தனியாக இருந்தது அது ஒன்றுதான். தனி அறை இல்லை. தனிப் பேச்சு இல்லை. மழைக்காலத்தில் தாமல் ஏரி நிரம்பினால் எங்கள் தறிக்குழியிலும் ஈரம் ஊறும், தறி நிற்கும், அப்போதும் ஆறு பேர் ஒரே கூடத்தில்தான். இந்த மூன்று தட்டல்தான் எங்கள் சொத்து.

ஊரை நினைத்து நான் அழுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த வீட்டுப் புழுக்கத்துக்கு நான் இன்னொரு முறை போகமாட்டேன். ஆனால் அவர் என்ன நெய்கிறார், எத்தனை விரல் நெய்தார், எந்த இடத்தில் இழை போனது என்று எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது.

3

இப்போது எதுவும் தெரியாது.

ஒரு கைத்தறிக் கண்காட்சியில் நெய்து காட்டுவதற்காக அவரை இங்கே அழைத்து வந்தார்கள். அதைப் பார்த்த ஒரு ஆலைக்காரர், மாதிரித் துணி நெய்ய ஆள் வேண்டும் என்று வேலைச் சீட்டு வாங்கிக் கொடுத்தார். பின்னாலேயே நானும் குழந்தையும் வந்தோம். வடக்கே மலை ஓரத்தில் மழையும் புகையுமான ஊர். ஐந்தாறு வருஷம் ஒரு தொல்லையும் இல்லை.

அப்புறம் ஆலையின் பின்கட்டில் ஒரு புதுக் கதவு முளைத்தது. நாலு தேசத்து அரசாங்கங்கள் சேர்ந்து ராணுவத்துக்காக ஏதோ ஆராய்ச்சி செய்கின்றனவாம். இங்கிலீஷ்காரர், பிரெஞ்சுக்காரர், ஜெர்மன்காரர், இத்தாலிக்காரர். எங்கள் பெரியவர்கள் காலத்தில் ஒருவர்மேல் ஒருவர் குண்டு போட்டவர்கள். இப்போது ஒரே அறையில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். புதிதாகக் கண்டுபிடித்த ஒரு நூலில் துணி நெய்து பார்க்க வேண்டும், விசைத்தறியில் போட்டால் அறுந்து போகிறது, அதனால் கைத்தறிக்காரர் வேண்டும் என்று இவரைக் கேட்டார்கள். ஒரு நிபந்தனை. அந்த நாலு நாட்டில் ஒன்றின் பிரஜையாக இருக்க வேண்டும்.

அவர் ஆனார். இந்தியப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வந்த அன்று ராத்திரி சாப்பிடவில்லை. ஆனால் சம்பளம் கூடியது, வீட்டுக்கு ஹீட்டர் வந்தது. நான் மாறவில்லை. வீட்டில் ஒருவராவது பழைய பாஸ்போர்ட்டோடு இருக்கட்டும் என்றேன். அவரும் சரி என்றார்.

இன்னொன்றும் கையெழுத்துப் போட்டார். உள்ளே நடப்பதை வெளியே சொல்லக்கூடாது. இவர் சுபாவம் உங்களுக்குத் தெரியாது. சொல்லக்கூடாது என்றால் உள்ளே என்ன சாப்பிட்டார் என்றுகூடச் சொல்லமாட்டார்.

"இன்னிக்கு இன்னா ஆச்சு?" என்பேன்.

"ஒண்ணும் ஆவல."

"மழையாவது பேஞ்சுதா உள்ள?"

"தனம், சும்மா இருக்க மாட்டே நீ."

எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சட்டைக் கைமடிப்பில் ஒட்டிக்கொண்டு வரும் கறுப்புத் தூசிதான். துவைத்தால் என் கை அரிக்கும். ஏதோ பறக்கிற பொருளுக்காக என்று நினைக்கிறேன். அது யார் தலைமேல் பறக்கும் என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை.

4

இதில் வேடிக்கை, நானும் அதே ஆலையில்தான் வேலை செய்கிறேன். கேண்டீனில். பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் டீ வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தப் புதுக் கதவுவரை போவேன். அங்கே காவல்காரர் ஹார்ட்லி வண்டியை என்னிடமிருந்து வாங்கி உள்ளே தள்ளிக்கொண்டு போவார். வயதானவர், நல்லவர். இந்தப் பக்கத்துப் பழக்கப்படி எல்லாப் பெண்களையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார். வந்த புதிதில் அதைக் கேட்டு நான் இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் இருந்தது தனிக் கதை.

இத்தாலிக்காரருக்குக் காப்பி கஷாயம் மாதிரி வேண்டும். ஜெர்மன்காரருக்கு எலுமிச்சைத் துண்டு. இங்கிலீஷ்காரர்களுக்குப் பால் முதலில், டீ பிறகு. சிமோனுக்குப் பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். நாலு தேசத்து நாக்கும் எனக்குத் தெரியும். கதவுக்கு அந்தப் பக்கம் மட்டும் தெரியாது. என் டீ உள்ளே போகும், நான் போகக்கூடாது.

இத்தனை நாளும் அது எனக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை. கூஜா விஷயத்துக்குப் பிறகு அந்தக் கதவைப் பார்த்தாலே நெஞ்சு காந்தியது. உள்ளே தறி இருக்கிறது. தறியில் இவர் இருக்கிறார். கரைப் பக்கம் அவள் உட்கார்ந்திருக்கிறாள். என் இடம் அது.

திங்கட்கிழமை சிமோன் காப்பியில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டு அனுப்பினேன். அவள் முழுவதையும் குடித்துவிட்டு, நன்றாக இருந்தது என்று ஹார்ட்லியிடம் சொல்லி அனுப்பினாள். அதற்கும் எரிந்தது.

வீட்டில் வசந்தா வேறு. "அம்மா, சிமோன் நாலு லாங்வேஜ் பேசறாங்க. தனியா கார் ஓட்டிக்கினு ஸ்காட்லாந்து வரைக்கும் போனாங்களாம். நீ பஸ்ஸுல டிக்கெட் கேக்கவே என்னைக் கூப்பிடறே."

"போய்ப் படிடி."

"ஐ ஆம் ஜஸ்ட் ஸேயிங்."

இங்கே பிள்ளைகள் எதைச் சொல்லிவிட்டும் கடைசியில் இப்படி ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். நமக்குத்தான் அது முடிவதில்லை.

5

ஒரு வாரம் பொறுத்தேன். அப்புறம் அவர் காலையில் ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"கரைப் பக்கம் அவதான் உட்காருறாளா?"

பிரஷ் நின்றது. "யாரு சொன்னா?"

"கூஜா சொல்லுச்சு."

ஷூவைக் கீழே வைத்தார். "ரெண்டு பேரு இல்லாம கோர்வை ஆவாது தனம். உனக்குத் தெரியாதா? அந்த ஆபீஸர்ங்க எல்லாம் ஒக்காந்து பார்த்தாங்க. கை நிக்கல. இவளுக்கு நின்னுச்சு."

"எனக்கு நிக்காதா?"

"உன்னைக் கேட்டேன். நீ இல்லன்னா வேலை ஓடாதுன்னுகூடச் சொன்னேன். உன் பாஸ்போர்ட்டு அந்த நாலுல இல்லியாம். நான் இன்னா செய்ய?"

நான் இல்லாவிட்டால் வேலை ஓடாது என்று சொன்னாராம். அது எனக்கு ஒரு நிமிஷம் இனித்தது. அடுத்த நிமிஷமே, வேலைதான் ஓடிக்கொண்டிருக்கிறதே என்று கசந்தது.

"சரி. தட்டறதெல்லாம் சொல்லிக் குடுத்துட்டீங்களா?"

"வேலைக்கு வேண்டியத சொல்லிக் குடுத்தேன்."

"எல்லாத்தையுமா?"

அவர் முகத்தில் ஒரு மாதிரி சிரிப்பு வந்து போனது. "உள்ள நடக்கறத வெளிய சொல்றதில்லன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்மா" என்று சொல்லிவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அது விளையாட்டாக இல்லை. ஒரு தட்டலையும் இரண்டு தட்டலையும் கொடுத்தது போகட்டும், அது வேலை. அந்த மூன்றையும் கொடுத்துவிட்டாரா? அவளுக்கும் இடுப்பு வலிக்குமே. அவளும் நகத்தால் தட்டுவாளோ? அவள் தட்டினால் இவருக்குக் கால் மரத்துப் போகுமோ? பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸில் போகும்போதும் எனக்கு இதே நினைப்பு. ஒரு பெண்ணும் ஆணும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்களே என்று நான் பயப்படவில்லை. அவரை எனக்குத் தெரியும். அது வேறு. இது வேறு.

6

அடுத்த விடுமுறை நாளில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிக் குடியுரிமை அலுவலகத்துக்குப் போனேன். டிக்கெட்டை நானே கேட்டு வாங்கினேன்.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். "உங்கள் கணவர் பெயர்?"

எனக்கு நாக்கு எழவில்லை. அவர் பெயரை நான் கல்யாணமான நாளிலிருந்து வாய்விட்டுச் சொன்னதில்லை. ஊரில் கேட்டால், பெரிய கோயில் சாமி பெயர் என்பேன், புரிந்துகொள்வார்கள். அதையே இங்கேயும் இங்கிலீஷில் சொன்னேன்.

"எந்தச் சாமி?"

"எங்கள் ஊர்ச் சாமி."

"எழுத்துக்கூட்டிச் சொல்ல முடியுமா?"

எழுத்துக்கூட்டிச் சொன்னாலும் சொன்னது மாதிரிதானே. கடைசியில் காகிதத்தில் எழுதி நீட்டினேன். அவள் பொறுமைசாலி. கணவர் இந்த நாட்டுப் பிரஜை என்பதால் எனக்குச் சுலபம்தான், கையெழுத்துப் போட்டு உறுதிமொழி எடுத்தால் போதும் என்றாள். எனக்கு மனசு குளிர்ந்தது.

"அது கிடைத்தால் அந்தக் கதவுக்குள் போகலாமா?" என்று கேட்டேன். ஆலையின் பெயரைச் சொன்னேன்.

அவள் என்னை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "அது தனி விசாரணை. அது எங்கள் கையில் இல்லை. ஆகும், ஆகாது என்று யாரும் சொல்ல முடியாது. நீங்கள் ஏன் போக வேண்டும்?"

என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்காருவதற்கு என்று சொல்லியிருக்க வேண்டும். "வேலை" என்றேன்.

பேனாவைக் கையில் எடுத்தேன். பழைய பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிடலாம் என்றுதான் தோன்றியது. அப்புறம், ஒருத்தி உட்கார்ந்திருக்கிற இடத்தைப் பிடிப்பதற்காக ஒரு தேசத்தைக் கொடுக்கிறேனே, கொடுத்தும் இடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்று நினைத்தேன். யோசித்து வருகிறேன் என்று எழுந்துவிட்டேன். இன்றுவரை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

7

நான் யோசித்து முடிப்பதற்குள் சிமோனுக்கு இங்கே வேலை முடிந்துவிட்டது.

அவளை வழியனுப்பக் கேண்டீனில் ஒரு தேநீர் விருந்து. அன்றைக்கு அந்தக் கதவுக்குள் இருந்தவர்கள் எல்லாரும் வெளியே வந்தார்கள். அவர்கள் பெரிய அதிகாரி பேசினார். ரகசியம் இல்லாத அளவுக்கு என்று சொல்லிவிட்டுப் பேசினார். ஒரு நாடு நூல் செய்கிறது, இங்கே நெய்கிறோம், அதை இன்னொரு நாட்டில் பசை ஊற்றிச் சுட்டுக் கெட்டியாக்குவார்கள், நாலாவது நாடு அதை உடைத்துப் பார்க்கும். அதைக் கேட்டபோது ஒன்று நினைத்தேன். எங்கள் ஊரிலும் சாயம் ஒரு வீட்டில், பாவு ஒரு தெருவில், நெசவு இன்னொரு தெருவில்தான். யாரும் அதற்காகப் பெரிய கதவு போட்டதில்லை.

அப்புறம் இவரைப் பேசச் சொன்னார்கள். என்னைப் போலவே கூச்சம். சுவர் ஓரமாக நின்றுகொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, "சிமோன் நன்றாக வேலை செய்தார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து..." என்று ஆரம்பித்தார். எல்லாரும் கப்பைக் கீழே வைத்துவிட்டு அமைதியாகக் கேட்டார்கள்.

நான் டீ வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தேன். சிமோன் என் வண்டிக்கு மறுபக்கம் நின்று, ஒரு கையை வண்டியின் இரும்பு விளிம்பில் வைத்துக்கொண்டு, மறு கையால் காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். அவள் உள்ளங்கை விளிம்பின்மேல் நன்றாகப் படிந்திருந்தது.

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை. விளிம்பின் என் பக்கத்தில் நகத்தால் மூன்று தடவை தட்டினேன்.

சிமோனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நிமிரவில்லை. கரண்டி நிற்கவில்லை. கண்கூட அசையவில்லை. சத்தம் அவள் காதிலும் விழுந்தது, கையிலும் பட்டிருக்கும். அவளுக்கு அது ஒன்றுமில்லை. ஏதோ பாத்திரச் சத்தம்.

சுவர் ஓரத்தில் பேச்சு நின்றது.

"மன்னிக்கணும்" என்றார் என் வீட்டுக்காரர், இங்கிலீஷில், நாலு தேசத்துக்காரர்களையும் பார்த்து. "எனக்குக் கால் மரத்துப் போய்விட்டது."

நின்றுகொண்டிருந்த மனிதருக்கு எப்படிக் கால் மரக்கும் என்று யாருக்கும் புரியவில்லை. ஜெர்மன்காரர் அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். இத்தாலிக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டார். "உட்காருப்பா, வயசாகுது உனக்கு" என்று ஹார்ட்லி கத்தினார். சிமோனும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். பாவம், அவளுக்கு உண்மையாகவே கவலை. அன்றைக்குத்தான் அவளைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது. அதிலும் கொஞ்சம் சந்தோஷம் கலந்துதான் இருந்தது.

அவர் நாற்காலியில் உட்காரவில்லை. எல்லாரையும் விலக்கிக்கொண்டு நடந்து, மேஜைகளைச் சுற்றி, வண்டிக்கு இந்தப் பக்கம் வந்து என் பக்கத்தில் நின்றார். முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, "போதுமா?" என்றார்.

ஒரு தட்டலும் இரண்டு தட்டலும் நாளைக் காலை அவளோடு கப்பலேறிப் பிரான்சுக்குப் போகும். திங்கட்கிழமை அந்தக் கதவுக்குள் வேறு யாராவது வந்து கரைப் பக்கம் உட்காருவார்கள். நான் வண்டியை ஹார்ட்லி கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவேன். எதுவும் மாறப்போவதில்லை.

"போதாது" என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் இங்கயே நில்லுங்க. எல்லாரும் பார்க்கட்டும்."